"நாங்கள் எந்தக் கட்டத்துக்குள்ள வாறம்?" – இனம், குடிபெயர்வு, பரம்பரை, சமநீதி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுப் பிள்ளைகளின் படிவத்தைப் பார்த்துக் குழம்பும் பெற்றோர், விடுமுறைக்கு வந்து அம்மம்மாவின் ஊரைத் தேடும் பேரப்பிள்ளைகள், இங்கேயே சமூக வேலை செய்யும் இளையவர்கள் என்று மூன்று பகுதியினரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். குடியுரிமை பற்றிய பதில்கள் பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் விஷயம் சிக்கலாக இருந்தால் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள்.

சமநீதி, சமநீதி எண்டு சொல்லுறியள். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினாக் காணாதோ?

சில இடங்களில் காணும். வங்கி வரிசையில் முதலில் வந்தவர் முதலில் போகட்டும், அதில் கதையில்லை. ஆனால் தொடங்கும்போதே பின்னால் நிறுத்தப்பட்டவருக்கும் முன்னால் நின்றவருக்கும் ஒரே விதி என்றால், கடைசிவரை அதே வரிசைதான் இருக்கும். அந்த இடைவெளி எப்படி வந்தது என்று பார்த்து, அதைக் குறைக்க எடுக்கும் முயற்சியைத்தான் சமநீதி வேலை என்கிறோம்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் பரீட்சை எழுதியவர்கள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காயம் இன்னும் இருக்கிறது. அதன்பின் வந்த மாவட்டக் கோட்டாவும் யாழ்ப்பாண மாணவர்களைப் பாதித்தது. ஆனால் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதே கோட்டாதான் கதவைத் திறந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளியைக் கூட்டியது ஒரு செயல். ஆய்வுகூடம் இல்லாத மாவட்டத்தைப் பார்த்து இடம் ஒதுக்கியது இன்னொரு செயல். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுத் திட்டுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

கனடாவில மகள் வேலைக்கு அப்ளை பண்ணேக்க 'சவுத் ஏசியனோ' எண்டு கேட்டிருக்கு. நாங்கள் தமிழரெல்லோ? எங்க புள்ளடி போடுறது?

சவுத் ஏசியனில் போடலாம். கீழே எழுத இடம் இருந்தால் 'தமிழ்' என்றும் எழுதலாம். கனடாவில் வேலைவாய்ப்புச் சமநீதிச் சட்டம் 1986இல் வந்து, 1995இல் திருத்தி எழுதப்பட்டது. பெண்கள், பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையர் அல்லாத 'காணக்கூடிய சிறுபான்மையினர்' என்று நான்கு பிரிவினரை அது பார்க்கிறது. உங்கள் மகள் இந்த நான்காவது பிரிவுக்குள்ளும் வருகிறார். வங்கி, தொலைத்தொடர்பு, மத்திய அரசு போன்ற இடங்களில் இவர்கள் எவ்வளவு பேர், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கவே அந்தக் கேள்வி.

லண்டனில் நிலைமை வேறு. இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், சீனர் என்று கட்டங்கள் இருக்கும். எங்கள் ஆட்கள் 'வேறு ஆசியப் பின்னணி'யில் புள்ளடி போட்டு எழுத வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 'வேறு ஆசியர்'. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று நாட்டில் மூன்று கட்டத்துக்குள் போவார்கள். அந்தந்த நாட்டில் யார் யாரை ஒதுக்கினார்கள் என்ற வரலாற்றை வைத்துத்தான் கட்டங்கள் வரையப்படுகின்றன. நீங்கள் யார் என்று அந்தப் படிவம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே அதோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இனத்தைச் சொன்னா வேலை தராமல் விட்டிட்டா? பேசாமல் ஒண்டும் போடாமல் விடுறது நல்லமோ?

விடலாம். மேலே சொன்ன கனடாச் சட்டத்தின் கீழ் பதில் சொல்வது உங்கள் விருப்பம், தகவலும் இரகசியமாக இருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகும், பாகுபாடு இருந்தாலும் காட்ட முடியாது.

இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பட்டியலில் பெயர் இருந்ததால் வீடு எரிந்தவருக்கு எந்தப் பட்டியலும் பயம்தான். பட்டியலை யார் வைத்திருக்கிறார், எதற்கு, எவ்வளவு காலம் என்று கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.

பிரான்சில இருக்கிற தம்பியிட்ட இதொண்டும் கேக்கிறேல்லையாம். அப்ப அங்க இனவாதம் இல்லையோ?

கேட்காததால் இல்லாமல் போகாது. பிரான்சில் இனவாரியாகத் தரவு சேகரிப்பதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. 2007இல் அங்குள்ள அரசியலமைப்புச் சபையும் இன அடிப்படையிலான கணக்கெடுப்புக்கு இடமில்லை என்றது. எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள், அதற்குமேல் கேள்வி இல்லை என்பது அவர்கள் கொள்கை. பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் பொலிஸ் அடையாள அட்டையை யாரிடம் அடிக்கடி கேட்கிறது என்பதை அந்தக் கொள்கையை வைத்து எண்ண முடியாது, அதுதான் சிக்கல். நோர்வே நடுவில் நிற்கிறது. இனத்தைக் கேட்பதில்லை, ஆனால் 'குடியேறியவர்', 'குடியேறிய பெற்றோருக்கு நோர்வேயில் பிறந்தவர்' என்று பிரித்து எண்ணுகிறது.

இங்க பிறப்புப் பத்திரத்தில 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எண்டு ரெண்டு இருக்கே. ரெண்டும் தமிழ்தானே?

இதைக் கேட்பவர்களுக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன். 1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில்தான் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் தனித்தனியாக எண்ணத் தொடங்கினார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இரண்டாவது கட்டத்துக்குள் போனார்கள். எண்ணுவதற்குப் போட்ட கோடு, சுதந்திரம் கிடைத்த கையோடு உரிமையைப் பறிக்கும் கோடாக மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். பிறந்த மண்ணில் பிறந்ததை நிரூபிக்கத் தகப்பன், பாட்டன் பத்திரம் கேட்டார்கள். தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவரிடம் அது எங்கே இருக்கும்?

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. இந்தக் குடியுரிமை விவகாரத்தில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, 1949இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை யாழ்ப்பாணத்தார் பெருமையாகச் சொல்வார்கள். சரி, சொல்லட்டும். ஆனால் 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்று கூப்பிட்டதும் எங்கள் வாய்தான். கிளிநொச்சியில் இன்றும் காணி உறுதி இல்லாமல் இருப்பவர்களில் அவர்கள் நிறையப் பேர். பலர் பிறப்புப் பதிவில் 'இலங்கைத் தமிழர்' என்று போட்டுவிட்டார்கள், போடாவிட்டால் ஏளனம் வரும் என்பதால். அதனால் கணக்கில் அவர்கள் மறைந்துபோனார்கள். வேறு சிலர் 'மலையகத் தமிழர்' என்ற பெயரைப் பெருமையோடு கேட்டு நிற்கிறார்கள். எந்தப் பெயர் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில எல்லாரும் தமிழர். இங்க என்ன இனப் பாகுபாடு?

எல்லோரும் தமிழராக இருப்பது எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள், பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள். யாழ் நகரில் அவர்கள் வாழ்ந்த சோனகதெருவுக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் கொஞ்சம். முப்பது வருசத்தில் பிள்ளைகள் அங்கே வளர்ந்து, அங்கே கலியாணம் செய்து, இங்கே வீடு இடிந்து, உறுதி தொலைந்து போனால் திரும்புவது எவ்வளவு கடினம் என்று, கனடாவிலிருந்து திரும்ப முடியாதவருக்கு விளங்கும்.

ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் குடும்பங்களும் யாழ் நகரில் இருந்தன. அவர்கள் கதை இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. பிறகு சாதி இருக்கிறது. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

சாதியையும் நிற வேற்றுமையையும் ஏன் ஒண்டாப் போட்டுக் குழப்புறியள்? அது வேற, இது வேற.

வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்துச் சாதி தெரியாது. ஊரைக் கேட்டு, தகப்பன் பெயரைக் கேட்டு, எந்தக் கோயில் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் பிறப்பால் ஒருவருக்கு இடம் குறித்து, அந்த இடத்தை விட்டு எழும்பினால் அடிப்பது இரண்டிலும் உண்டு. இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பேரில் கடைக்குள்ளோ கோயிலுக்குள்ளோ விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. அப்படியிருந்தும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளுக்குள் போகப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் தடுத்தது இன்னும் பலருக்கு நேரில் கண்ட நினைவு.

கடல் தாண்டினாலும் இது கூடவே போகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே வருசம் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, சாதிப் பாகுபாடும் தன் சட்டத்தின் கீழ் வரும் என்று அறிவித்தது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைத் தனியாகச் சேர்ப்பதா என்று வருசக்கணக்காக விவாதித்து, 2018இல் அரசாங்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. 'வெளிநாட்டில ஆர் சாதி பாக்கினம்' என்று சொல்பவர், மகனுக்குப் பெண் தேடும் விளம்பரத்தை ஒருமுறை திரும்ப வாசிக்கட்டும்.

பரம்பரை தேடிப் பேரப்பிள்ளையள் வருகினம். எங்க தொடங்கச் சொல்லுறது?

வயது போனவர்களின் வாயில் தொடங்குங்கள், அதுவும் இந்த வருசமே. அப்புறம் வீட்டு அலுமாரியில் உள்ள காணி உறுதி. அதில் காணியின் பெயர், எல்லைக்காரர் பெயர், யாரிடமிருந்து யாருக்குச் சீதனமாக வந்தது என்பதெல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனமாகப் பெண் வழியாகவும் சொத்து போனதால், அம்மம்மாவின் அம்மாவரை அதில் பிடிக்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1860களின் பிற்பகுதியிலிருந்து உண்டு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. அமெரிக்க மிஷன் 1816இலேயே தெல்லிப்பழையில் தொடங்கிவிட்டது. மதம் மாறியபோது பெயரும் மாறியிருக்கும், அதைக் கவனியுங்கள். பொது நூலகத்தில் இருந்திருக்கக்கூடிய ஏடுகளும் பழைய பத்திரிகைகளும் 1981 ஜூன் தொடக்கத்தில் நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்துபோயின. இல்லாததைத் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. எல்லோருடைய பரம்பரையும் உறுதியில் எழுதப்படவில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தேசவழமையை எழுதியபோது அடிமைகள் பற்றி அதில் தனிப் பகுதியே இருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அந்தக் குடும்பங்களின் முன்னோர் பெயர் காகிதத்தில் வந்தால், வேறொருவரின் உடைமையாகத்தான் வந்திருக்கும். வந்த பிள்ளையிடம் உங்கள் குடும்பத்து 'பெருமை'களை அடுக்கும்போது, அந்த உறுதியில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சொல்லத் தயங்கும் பெரியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டி.என்.ஏ. டெஸ்ட் செய்தா நாங்கள் ஆர் எண்டு தெரியுமெல்லோ?

தூரத்து உறவினர் யாராவது கிடைக்கலாம். 'தென்னிந்தியா, இலங்கை' என்று ஒரு பெரிய வட்டமும் வரும். அது தெரிந்த விஷயம்தான். நீங்கள் தமிழரா, எந்த ஊர் என்று அது சொல்லாது. உங்கள் மரபணுவைக் கொடுத்தால் உங்கள் சகோதரங்களின் தகவலையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். காசு இருந்தால் அம்மம்மாவின் பேச்சைப் பதிவுசெய்ய ஒரு நல்ல மைக் வாங்குங்கள்.

பேரன் அங்க பிறந்தவன். அவன் இலங்கையனோ, அந்த நாட்டுக்காரனோ?

சட்டப்படி என்றால், எங்கே பிறந்தார் என்பதைப் பொறுத்தது. கனடாவில் பிறந்தால் கனேடியர். சுவிஸில் பிறந்தது மட்டும் காணாது. பிரான்சில் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து அங்கேயே வளர்ந்தவருக்குப் பொதுவாக 18 வயதில் கிடைக்கும். இலங்கைப் பக்கம், பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தால் தூதரகத்தில் பதிவுசெய்து வம்சாவளிக் குடியுரிமை எடுக்கலாம். ஒரு வருசத்துக்குள் செய்வது வழக்கம், பிந்தியும் செய்ய வழியுண்டு. 2003க்கு முன் தகப்பன் வழி மட்டுமே எண்ணப்பட்டது. பிள்ளை பிறக்க முன்பே பெற்றோர் இருவரும் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அங்கேதான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

மனதளவில் அவர் யார் என்பதை அவரிடமே விடுங்கள். விமான நிலையத்தில் இறங்கிய உடனே 'தமிழ் கதைக்கத் தெரியாதோ' என்று பிள்ளையைக் குற்றவாளியாக்குவது எந்தப் பரம்பரைக்கும் நல்லதில்லை.

அகதியாப் போன மாமா, இப்ப வாற அகதியளைக் 'களவா வாறாங்கள்' எண்டு திட்டுறார். என்ன சொல்லுறது?

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர் காப்பாற்றினார்கள். அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று பிறகு தெரிந்ததும் அங்கேயும் இதே வார்த்தைதான் எழுந்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது பலரை மாதக்கணக்கில் தடுத்துவைத்தார்கள், 2012இல் சட்டத்தையும் இறுக்கினார்கள். மாமாவிடம் அவர் போன பாதையைக் கேளுங்கள், எந்த ஏஜென்சி, எந்த பாஸ்போட் என்று. பெரும்பாலும் அதற்குமேல் வாதாடத் தேவை வராது.

கனடாவில எங்கட விழாவில, தொடங்க முதல் பழங்குடி ஆக்களின்ட நிலம் எண்டு வாசிக்கினம். நாங்கள் என்ன பறிச்சனாங்களோ?

நீங்கள் பறிக்கவில்லை. ஆனால் பறிக்கப்பட்ட இடத்தில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். ரொறன்ரோ நிலம் 1787இலும் 1805இலும் மிசிசாகா மக்களிடமிருந்து 'வாங்கப்பட்டது'. அந்தக் கொடுக்கல்வாங்கல் நியாயமில்லை என்ற கோரிக்கை 2010இல் தான் 14.5 கோடி கனேடிய டொலருக்குத் தீர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த கேரி ஆனந்தசங்கரி 2023இல் பழங்குடி மக்களுடனான உறவுகளுக்கான அமைச்சரானார். எங்கள் ஆட்கள் அந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை என்பதற்கு இதுவே போதும்.

1990இல் வலிகாமம் வடக்கில் காணியை இராணுவத்திடம் இழந்து, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் கால் நூற்றாண்டு இருந்தவர்களின் உறவினர்தான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். தன் காணியில் இன்னொருவர் பயிர் செய்வதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் காணும். வெறுமனே வாசிப்பதில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை.

அங்க பிறந்து வளர்ந்த பிள்ளை வந்து எங்களுக்குச் சமத்துவம் படிப்பிக்கலாமோ?

வரட்டும், ஆனால் முதலில் கேட்கட்டும். அங்கே அந்தப் பிள்ளை நிறத்தால் ஒதுக்கப்பட்டிருக்கலாம். இங்கே இறங்கினதும் கடவுச்சீட்டு, டொலர், ஆங்கிலம் மூன்றும் அவர் பக்கம். அதே வேலையை வருசக்கணக்காகச் செய்யும் உள்ளூர்ப் பெண்ணைவிட அவர் சொல்லுக்கு நிதி வழங்குபவர் மதிப்புக் கொடுப்பார். அமெரிக்க இனவாத வரலாற்றில் பழகிய சொற்களை அப்படியே சோனகதெருவுக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. அதே நேரம், 'வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று சாதி பற்றிய கேள்வியை மூடிவிடுவதும் நடக்கிறது. உள்ளூரில் யாரும் கேட்கத் துணியாததை அவர்கள்தான் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

அங்க சிறுபான்மை, இங்க ஆதிக்கச் சாதி. இப்பிடி ஒருத்தரை எந்தப் பக்கத்தில வைக்கிறது?

இரண்டு பக்கத்திலும். இது புதிதும் இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் கிளாக்கர்மார். வெள்ளைக்காரனுக்குக் கீழே, இறப்பர்த் தோட்டத் தமிழருக்கு மேலே. 'நாங்கள் இந்தியர் இல்லை, சிலோனியர்' என்று தனியாக எண்ணப்படுவதில் அவர்களுக்கு இலாபம் இருந்தது. அந்தப் பென்சன் காசில் எழும்பிய கல்வீடுகள் இன்னும் ஊருக்குள் நிற்கின்றன.

ரொறன்ரோ அலுவலகத்தில் நிறத்தின் பேரில் பதவியுயர்வு மறுக்கப்பட்டவருக்காக நிற்க வேண்டும். அவரே ஊர்க் கோயில் நிர்வாகத்தில் தொலைபேசி வழியாக 'அவையளை உபயகாரராச் சேக்க வேண்டாம்' என்றால் அவருக்கு எதிராகவும் நிற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்ற ஒரே அட்டையை எல்லா வாசலிலும் காட்ட விடக்கூடாது.

ஊருக்குக் காசு அனுப்பினாக் காணாதோ? அதுவும் சமநீதிதானே?

காசு வேர் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறது. வெளிநாட்டில் பழைய மாணவர் சங்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நீச்சல் தடாகமும் ஸ்மார்ட் வகுப்பறையும் வரும். எந்தப் பழைய மாணவரும் வெளிநாடு போகாத பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையும் வராது. முதல் பதிலில் சொன்ன மாவட்ட வேறுபாடு, இப்போது எங்கள் கையாலேயே ஊருக்கு ஊர் உண்டாகிறது. வன்னியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கிராமங்களுக்கு ஸ்காபரோவில் சங்கம் இல்லை, லண்டன் லூயிஷாமிலும் இல்லை.

சொந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று யாரும் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் நடக்காது. சங்கக் கூட்டத்தில் அடுத்த திட்டத்துக்குக் காசு சேர்க்கும்போது ஒரு பங்கை வேறு பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். எதற்கு என்று தெரியாவிட்டால், எந்தப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லை, எங்கே பிள்ளைகள் தூரத்திலிருந்து நடந்து வருகிறார்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் முதலில் பேசிவிட்டுத் தேவையைக் கேளுங்கள். பெயர்ப்பலகையைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.